இதரவுக்குள் இதர

அடுக்காளர் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருக்கும். இரண்டு கை, இரண்டு கால், சட்டைப் பையில் ஒரு பேனா. அந்தப் பேனாவுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு பேனா இருந்து, இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். அவர் முன்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஃபோல்டர்களைத் திறந்து மூடிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறதே, ஃபைல் மேனேஜர், அதைத் திறந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். முகத்தில் ஒரு களை வரும். நாற்காலி தானாக முன்னால் நகரும். அதுவரை செய்துகொண்டிருந்த வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இனி அடுக்குவதுதான் வேலை.

அடுக்கி வைப்பது நல்ல பழக்கம்தானே என்று கேட்பீர்கள். குளிப்பதுகூட நல்ல பழக்கம்தான். காலையில் குளிக்கப் போனவர் சாயங்காலம் வரை வெளியே வராவிட்டால் கதவைத் தட்டமாட்டீர்களா?

நம் கையில் வசமாகச் சிக்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. அலமாரி என்றால்தான் தெரியும். பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, கண் தெரியாத மாணவர்களுக்கு ஒலிநூலாக்கிக் கொடுக்கும் சின்ன நிலையம் அது. இரண்டே அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் குரல் கொடுக்கும் அக்கா உட்கார்ந்து படிப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதிவு செய்யும் பெண்ணும் அலமாரியும். அக்காவின் இருமல், எச்சில் விழுங்கல், பக்கம் புரட்டும் சரசரப்பு எல்லாவற்றையும் வெட்டியெறிந்து, அத்தியாயம் அத்தியாயமாக அதனதன் இடத்தில் வைப்பது அலமாரியின் பொறுப்பு. வெட்டுவதற்கு அரை மணி நேரம். வைப்பதற்கு மீதி நாள்.

பதிவுப் பெண் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தபோது, வேகமாக ஓடும், காசும் கேட்காது என்பதைத் தவிர அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. லினக்ஸில் ஃபைல் மேனேஜர் ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தாள். சொல்லியிருக்கக் கூடாது. துணிக்கடையில் கல்யாணப் புடவை எடுக்கிற கூட்டம் போல மனிதர் ஒன்று விடாமல் இறக்கி, பிரித்து, உதறிப் பார்த்தார். ஒன்றில் ஜன்னலை இரண்டாகப் பிளக்கலாம். இன்னொன்றில் ஃபோல்டருக்குச் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசலாம். மூன்றாவதில் இடது பக்கம் மரம் போலக் கிளை விரியும். ஒரு கிளையைத் தொட்டால் ஒன்பது கிளை. அலமாரிக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் கட்டிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா? வாருங்கள். முதல் தெரு 'முக்கியம்'. அதற்குள் 'மிக முக்கியம்'. பக்கத்திலேயே 'முக்கியம் போலத் தெரிவது'. அடுத்து 'பிறகு பார்க்க', அதற்குள் 'பிறகு பார்க்க – பழையது', அதற்குள் 'இன்றே பார்க்க'. 'அழிக்காதே' என்று ஒன்று. 'இதைத்தான் அழிக்காதே' என்று இன்னொன்று. எதிலும் அடங்காததற்கு 'இதர'. இதரவிலும் அடங்காதது எங்கே போகும்? இதரவுக்குள் 'இதர'. அந்த இரண்டாவது இதரவில் 'வகைப்படுத்த வேண்டியவை' என்று ஒரு சந்து போகிறது. அதில் நான் இறங்கவில்லை, திரும்பி வர வழி தெரியாது.

இந்த இனத்தின் தலையாய குணம் ஒன்றுண்டு. அடுக்கியதை அவர்கள் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தால் கலைந்துவிடுமே. வீட்டிலும் அப்படித்தான், சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியதில் மனைவிக்கு உப்புப் போட நாலு டப்பா திறக்க வேண்டியிருந்தது. போன வருடம் மனைவி பத்திரமாக வைத்திருந்த கல்யாணப் படங்களை, "ஒழுங்கா அடுக்கித் தர்றேன்" என்று பென்டிரைவோடு அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். பென்டிரைவ் காலியாகத் திரும்பி வந்தது. "நீ குடுக்கும்போதே காலியா இருந்திருக்கும்" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு மாதம் பேச்சு குறைவு, பாத்திரச் சத்தம் அதிகம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அன்று இருபத்தேழு அத்தியாயமுள்ள புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அக்காவின் தொண்டையில் ஏதோ முடிச்சு; டாக்டர், இன்று மதியத்திலிருந்து இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு, இருபத்தேழாவதை எப்படியோ படித்து முடித்துவிட்டு, அக்கா வாயை மூடிக்கொண்டார். கையில் எழுதிக் காட்டத் துண்டுச் சீட்டுகளும் பேனாவும். புத்தகத்தை வாங்கிப் போக நூலகத்துக்காரர் நாலு மணிக்கு வருகிறார். அடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை.

அலமாரி அரை மணியில் வெட்டி முடித்தார். பதிவுக் கருவியின் மெமரி கார்டை வழக்கம் போலத் துடைத்துக் காலி செய்தார். அது காலியானால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அத்தியாயத்தை ஒரு ஃபோல்டரில் போட்டு, அதைத் தன் நகரத்தின் கோட்டையான 'மிக மிக முக்கியம்' என்பதற்குள் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முக்கியமானது எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முன்பெல்லாம் பெயருக்கு முன்னால் 1 போடுவார். அதை முந்த 01. அதை முந்த 00, பிறகு 000. ஒரு நாள் பூஜ்யங்கள் பெயரையே ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டன. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. பள்ளிக்கூட வரிசையில் குட்டையானவன்தானே முன்னால் நிற்பான்? விசைப்பலகையில் இருப்பதிலேயே குட்டையானது எது?

புள்ளி.

இதற்கும் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியைக் குத்தினார். பெயர் மாற்றும் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல வந்தது. சின்ன எழுத்தைப் படிப்பவர் யார்? என்டரைத் தட்டி, அதே வேகத்தில் ஜன்னலை மூடி, நாற்காலியில் சாய்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார்.

நாலு மணிக்கு நூலகத்துக்காரர் வந்தார். அவருக்கும் கண் தெரியாது. மடக்குக் குச்சியை மடக்கிப் பையில் வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கை நீட்டினார்.

"இருபத்தேழும் ரெடிதானே சார்?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க. நம்மகிட்ட கேட்டா ரெண்டு செகண்டு."

இருபத்தாறு அத்தியாயமும் ஏறின. 'மிக மிக முக்கியம்' திறந்தது. காலி. பளபளவென்று வெள்ளையாக, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி காலி. அலமாரிக்கு முதலில் அதில் ஒன்றும் வித்தியாசமாகவே படவில்லை. அந்த ஃபோல்டரை எப்போது திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். தன் வாழ்க்கையில் மிக மிக முக்கியமான காரியம் எதுவும் பாக்கியில்லை என்று மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வார். இன்றைக்குத்தான் ஜன்னலை மூடி மறுபடி திறந்து பார்த்தார்.

"என்னண்ணே?" என்றாள் பதிவுப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா. இடம் மாறியிருக்கும்."

"இங்க வச்சேன்னு சொன்னீங்க?"

"வச்சேன். யாரோ கை வச்சிருக்காங்க."

"நம்ம மூணு பேருதாண்ணே இருக்கோம். அக்காவால பேசவே முடியாது."

"கை இருக்குல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா எழுந்து வந்தார். ஒரு சீட்டு மேஜைமேல் விழுந்தது. 'என்ன ஆச்சு?'

அலமாரி சீட்டைப் பார்க்கவில்லை. முக்கியத்தைத் திறந்தார், மிக முக்கியத்தைத் திறந்தார், முக்கியம் போலத் தெரிவதைத் திறந்தார். ஒவ்வொன்றும் ஒரு புது ஜன்னலாக விரிந்து முன்னதன்மேல் சரிந்தது. அழிக்காதே என்பதில் இருபத்துமூன்று மாதிரி இருமல்கள் இருந்தன. இதைத்தான் அழிக்காதே என்பதில் அதே இருமல்களின் நகல். பிறகு பார்க்கவிலிருந்து பழையதுக்குப் பாய்ந்து, பழையதிலிருந்து இதரவுக்குத் தாவி, இதரவின் இதரவில் வழுக்கி, வகைப்படுத்த வேண்டியவை என்ற சந்தில் முட்டித் திரும்பி, சிவப்பு ஃபோல்டரெல்லாம் முடித்து ஊதாவுக்கு வந்தபோது கம்ப்யூட்டரின் விசிறி குக்கர் மாதிரி சீறத் தொடங்கியது.

இரண்டாவது சீட்டு. 'காணோமா?'

"சும்மா தேடிப் பாருங்கண்ணே. மேல பூதக்கண்ணாடி இருக்குல்ல, அதுல பேரை அடிங்க."

அலமாரிக்கு ரோஷம் வந்தது. "தேடுறதெல்லாம் அடுக்கத் தெரியாதவன் பண்ற வேலைம்மா."

நிமிடம் ஒன்று போனது. திரையைச் சுவர் பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் பெயரை அடித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. குப்பைத்தொட்டியைக் கிளறினார். அதுவும் காலி, அதைத்தான் மணிக்கொரு தரம் கழுவிவிடுவாரே.

மூன்றாவது சீட்டில் எழுத்து முழம் உயரம். 'என் தொண்டை.'

அந்தச் சீட்டை அவர் படித்தார். இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடி படிக்கலாம்; பரீட்சை இரண்டு மாதம் காத்திருக்காது. இருபத்தேழாவது அத்தியாயம் கேட்காத பிள்ளைகள் இருபத்தாறோடு போய் உட்காருவார்கள். அலமாரிக்குக் காது மடல் சுட்டது. கை மட்டும் அது பாட்டுக்குக் கிளிக், கிளிக், கிளிக்.

"தொண்ணூத்தி நாலு" என்றார் நூலகத்துக்காரர் மூலையிலிருந்து.

"எது சார்?"

"நீங்க பண்ண கிளிக்கு. எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் நாலுல முடிச்சிருவான். நீங்க முப்பதைத் தாண்டினப்பவே நான் டீ சொல்லச் சொல்லியிருக்கணும்."

பதிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா அதுக்கு என்ன பண்ணீங்க சார்? வரிசையா சொல்லுங்க."

"வச்சேன். பேரு மாத்தினேன். மூடிட்டேன்."

"பேரு என்ன மாத்தினீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. முன்னால ஒரு புள்ளி. மேல நிக்கட்டும்னு."

நூலகத்துக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, நாற்காலி குலுங்கியது, பையிலிருந்த குச்சி தானாக விரிந்து கீழே விழுந்தது.

"புள்ளி வச்சா லினக்ஸ்ல அது ஒளிஞ்சுக்கும் சார். வைக்கும்போதே கீழ எழுதிக் காட்டியிருக்குமே?"

"சின்ன எழுத்துல ஏதோ வந்துச்சு."

"எனக்குச் சின்ன எழுத்து பெரிய எழுத்தெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே சத்தத்துல வாசிச்சுத் தொலைக்கும். கேட்டுத்தான் ஆகணும். அந்த 'மிக மிக'வை மறுபடி திறந்து, கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு எச் அமுக்குங்க."

அமுக்கினார். வெள்ளை வேட்டியில் மங்கலாக ஃபோல்டர்கள் முளைத்தன. முதலில் '.27 கடைசி'. பதிவுப் பெண் எட்டி ஒரு தட்டுத் தட்ட, அக்காவின் குரல் கரகரவென்று அறையை நிறைத்தது. வாய் மூடி நின்ற அக்கா, தன் குரலையே தான் கேட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நிதானமாக எழுதிய நாலாவது சீட்டு: 'அடுத்த புத்தகத்தை நானே வச்சுக்கிறேன்.'

ஆனால் ஃபோல்டர் ஒன்றோடு நிற்கவில்லை. புள்ளி வைத்து இன்னும் ஆறு இருந்தன. காணோம் என்று கரன்ட் கட் மேல் பழி போட்ட சம்பளச் சான்று. பதிவுப் பெண்தான் அழித்தாள் என்று அவர் மூன்று வாரம் முறைத்த கதைப் புத்தகம். அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "யாரோ கை வச்சிருக்காங்கண்ணே" என்றாள்.

கடைசியில், '.கல்யாணம்'.

நூலகத்துக்காரர் இருபத்தேழையும் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு அலமாரி மனைவிக்குப் போன் செய்தார்.

"கல்யாண போட்டோ கிடைச்சிருச்சு."

"எங்க இருந்துச்சு?"

"பத்திரமா இருந்துச்சு."

"எங்கன்னு கேட்டேன்."

"அதான், பத்திரமா."

போனை வைத்துவிட்டார்கள். யார் முதலில் என்று கேட்காதீர்கள்.

இவ்வளவு பட்ட மனிதர் அடுத்து என்ன செய்திருப்பார்? திருந்தியிருப்பார் என்று நினைத்தால் இந்த இனத்தைப் பற்றி நான் இதுவரை சொன்னதெல்லாம் வீண். ஏழு ஃபோல்டரின் புள்ளியையும் எடுத்தார். 'கண்டெடுத்தவை' என்று புதிதாக ஒன்று திறந்தார், மஞ்சள் பூசினார், ஏழையும் அதற்குள் வைத்தார். மேஜைமேல் கிடந்த அக்காவின் நாலு சீட்டுகளையும் எழுத்தின் உயரப்படி, சின்னது மேலே பெரியது கீழே, அடுக்கிக் கிளிப் போட்டார். அவர் முகத்தில் அந்தக் களை திரும்ப வந்திருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் 'புது ஃபோல்டர் 3' இல்லை, 'பழசு' இல்லை, 'பழசு-புதுசு' என்று ஒன்று இல்லவே இல்லை, நம்புகிறேன். போகும்போது ஒன்றே ஒன்று. இந்தப் பக்கத்தைப் பிறகு யாருக்காவது காட்டலாமே என்று, எதற்குள் வைப்பது, என்ன பெயர் போடுவது என்று, இரண்டு பத்திக்கு முன்னாலேயே உங்கள் மனசு ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டதல்லவா?

புள்ளி மட்டும் வைத்துவிடாதீர்கள்.