அரை மயக்கத் திட்டம்

வைத்திய சரித்திரத்தைத் திருத்தி எழுதும் பாக்கியம் இலண்டனுக்குக் கிடைக்கவில்லை, பாரிசுக்கும் கிடைக்கவில்லை. பொகவந்தலாவைக்கு மேலே, மூடுபனிக்குள் கிடந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரி என்றால் நாலு கட்டில், ஒரு மேசை, ஒரு கஸ்பர். சுதந்திரம் கொழும்பில் வந்து இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. மலையேறி வர அதற்கு மூச்சு வாங்கியதோ என்னவோ, தோட்டத்தை இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் ஆண்டுகொண்டிருந்தார்.

கஸ்பரின் உத்தியோகம் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர். தோட்டத்து மக்கள் அவரை ‘டாக்டரையா’ என்று கூப்பிட்டார்கள். அதைத் திருத்தி அவர்கள் மனதை அவர் நோகடித்ததே இல்லை. பங்களா விருந்தாளி யாரோ விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று ஒருநாள் அவர் கைக்கு வந்தது. உயரம் கூடக்கூடக் காற்றில் பிராணவாயு குறையும், பிராணவாயு குறைந்த மூளை கொஞ்ச மயக்க மருந்துக்கே மயங்கிவிடும் என்று அதில் கண்டிருந்தது. அடுத்த பக்கத்தை யாரோ அடுப்புப் பற்றவைக்கக் கிழித்துவிட்டார்கள். விஞ்ஞானம் அந்த இடத்தில் நின்றது. கஸ்பர் அந்த இடத்தில் தொடங்கினார்.

வாசலில் நின்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் பார்த்தார். எவ்வளவு உயரம்! எத்தனை தலைமுறையாகப் பிராணவாயு காணாத மூளைகள்! இவர்களுக்கா இத்தனை காலமும் முழு அளவு குளோரோபோம் கொடுத்து வீணாக்கினோம் என்று அவருக்கு நெஞ்சை அடைத்தது.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டு கலைந்ததும் ‘உயர்மட்ட’ மாநாடு கூடியது. துரையும் பெரிய கிளாக்கரும் கணக்கப்பிள்ளை செல்லசாமியும் நாற்காலிகளில் இருந்தார்கள். தொழிலாளர் கருத்தும் கேட்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ள ஒருவர் வேண்டுமே. சங்கத் தலைவர் வீரய்யா கதவோரம் நிறுத்தப்பட்டிருந்தார்.

“நம்ம ஆளுங்க மூளைக்குப் பிராணவாயு பத்தாது சேர். பாதி மருந்தே தாராளம்” என்றார் கஸ்பர்.

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். “மத்தப் பாதி?”

“மிச்சம் சேர்.”

“வெரி குட்.”

செல்லசாமிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நாள் முழுக்க மலையில் நின்றாலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதற்கு ‘அரைப்பேர்’ என்று பெயர். “கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர், காத்து கொறைஞ்சா அரை மயக்கம். நியாயந்தானுங்களே தொரை?” என்றார். மலையில் பிறந்த ஒரு நல்ல வழக்கம் ஆஸ்பத்திரிவரை வளர்ந்துவிட்டதில் எல்லோருக்கும் பெருமை.

வீரய்யா தொண்டையைக் கனைத்தார். “அதே காத்தத்தானுங்களே தொரையும் மூச்சு விடுறாங்க?”

“தொரை சீமையில பொறந்தவரு. நீங்க இங்கேயே பொறந்து வளந்த ஆளுங்க” என்றார் கஸ்பர்.

“பிரஜாவுரிமை கேக்கப் போனா, கொழும்புல நாங்க இங்க பொறந்தவங்களான்னு சந்தேகமா இருக்குங்கிறாங்களே?”

“இது அரசியல் கூட்டம் இல்ல” என்றார் பெரிய கிளாக்கர்.

“சரிங்க. காத்துதான் கொறைன்னா லயத்துல காம்பராவுக்கொரு ஜன்னல் வச்சுக் குடுங்க. ஒரு காம்பராவுல எட்டுப் பேரு பொகைக்குள்ள கெடக்குறோம்.”

கஸ்பர் பதறிப்போனார். “ஜன்னல் வச்சா பிராணவாயு கூடிரும் சேர். பிராணவாயு கூடினா மருந்துச் செலவும் கூடிரும். திட்டமே கவுந்துரும்!”

“நோ ஜன்னல்” என்றார் துரை. திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

முதல் பயனாளியாகும் யோகம் வீரய்யாவின் மனைவி ராக்காயிக்கு அடித்தது. கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சி வலது உள்ளங்கையில் ஏறிச் சீழ் கோத்து, கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. கீறாவிட்டால் கை போய்விடும். தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து கிள்ளுகிற கை அது. அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. ஹட்டன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி வீரய்யா கெஞ்சினார். லொறி கொழுந்து ஏற்றப் போய்விட்டது என்றார்கள்.

“டாக்டரையா, நா நல்லாத் தூங்கிருவேன்ல? கையை இழுத்துப்புட்டேன்னா வெட்டு எசகுபிசகா விழுந்துருமேங்க” என்றாள் ராக்காயி.

“நீ சும்மா படு. எல்லாம் விஞ்ஞானம் பாத்துக்கும்.”

பாதி அளவு பஞ்சில் சொட்டியது. ராக்காயி கண்ணை மூடினாள். கஸ்பருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கத்தியை வைத்தார். கத்தி பாதி தூரம் போனதும் அவள் கண் திறந்துகொண்டது.

“ஐயோ, தெரியுதுங்க! டாக்டரையா, எல்லாம் தெரியுதுங்க!”

குளோரோபோம் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கஸ்பரின் கை அதனிடம் போகத்தான் போனது. ஆனால் இன்னும் சில மாதங்களில் ஹட்டனில் தோட்ட வைத்தியர்கள் கூடுகிறார்கள். அங்கே திட்டத்தை விளக்கக் கஸ்பருக்கு அழைப்பு வந்திருந்தது. கை திரும்பி வந்துவிட்டது. “அமுக்கிப் பிடிங்க” என்றார். இரண்டு ஆட்கள் பிடித்தார்கள். அப்படியும் அவள் துடித்தாள், கத்தி வழுக்கியது. சீழ் வெளியே வந்தது. கூடவே ஆள்காட்டி விரலின் தசைநாரும் அறுந்தது. அந்த விரல் அதன் பிறகு மடங்கவே இல்லை.

அன்று கஸ்பருக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது பாவம் என்று அவருக்கே தெரிந்தது. விடிந்ததும் விஞ்ஞானி தேறிவிட்டார். ‘நோயாளி இறுதிவரை விழித்திருந்து நல்ல ஒத்துழைப்பு வழங்கினார்’ என்று துரைக்கு அறிவித்தார்.

கொழுந்து கிள்ள முடியாதவளைத் துரை கைவிடவில்லை. அவருடைய பெருந்தன்மை ஊரறிந்தது. பங்களா நாயைக் குளிப்பாட்டும் ‘இலேசான’ வேலை ராக்காயிக்குக் கிடைத்தது, அரைப்பேருக்கு.

அந்த நாய் ஒருநாள் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டித் தொடையைக் கிழித்துக்கொண்டது. துரையே அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். பின்னாலேயே ராக்காயி வந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கஸ்பர் கொள்கை தவறாதவர்; போத்தலைச் சரித்து ஓரிரு சொட்டு விட்டார்.

“என்ன மேன் அது? நல்லா ஊத்து!”

“பங்களா லயத்தைவிட ஒசரம் சேர். திட்டப்படி பாத்தா நாய்க்குக் கால்வாசியே...”

“பைத்தியமா ஒனக்கு?” துரையின் கண் கலங்கியிருந்தது. “அதுக்கு வலிக்கும்!”

கஸ்பர் தலையைத் தூக்கவில்லை. எதிரே, நாயின் காதை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. அதில் ஒரு விரல் மட்டும் விறைத்து நின்றது.

“ஊத்துங்க டாக்டரையா” என்றாள் ராக்காயி. “வாயில்லாத சீவன். தெரியுதுன்னு சொல்லக்கூட அதால முடியாது.”

போத்தல் முழுக்கக் காலியானது. நாய் சுகமாகத் தூங்கியது. தையல் ஒழுங்காகவே விழுந்தது.

அடுத்த மாதம் ஹட்டன் கூட்டத்தில் அரை மயக்கத் திட்டத்துக்குப் பலத்த கரகோஷம். கஸ்பருக்கு ரோஜா மாலை. நன்றி சொல்ல எழுந்தவர், அனுபவத்தில் கண்ட ஒரேயொரு எச்சரிக்கையைச் சபையோருக்குப் பணிவுடன் தெரிவித்தார்:

“இந்த முறையை மனிதர்களுக்கு மட்டுமே கையாள வேண்டும். மிருகங்களுக்குச் செய்தால் அது சித்திரவதை.”