எடுக்காத பித்தப்பைக்கு ஒரு பில்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதவே கை கூசுகிறது. தங்கள் வயிற்று வலி சற்றேனும் தணிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு முகமில்லை.

தங்கள் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் ஏன் அனுமதி மறுத்தார்கள் என்று தங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர்களைப் பொறுத்தவரை தங்களுக்குப் பித்தப்பையே இல்லை. போன வருஷமே எடுத்தாகிவிட்டது. எடுத்தது டாக்டர் இல்லை அத்தான், ஆஸ்பத்திரியில் பில் போடுகிற நான்தான்.

போன வருஷம் நீங்க வந்தப்போ எங்க சர்ஜன் உங்களை உட்காரவெச்சு, வயித்தை அமுக்கிப் பார்த்து, ஸ்கேனைக் காட்டி, கல் சின்னதுதான், இந்த வலி அதனால இல்ல, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், என்னென்ன ஆனா உடனே ஓடி வரணும்னு பொறுமையா சொல்லி அனுப்பினாரே, அதை அப்படியே குறிப்பா எழுதி, அதுக்கு மட்டும் பில் போடுன்னு என்கிட்ட சொன்னார். எனக்கு மண்டைல ஏறல. கத்தியே எடுக்காத சர்ஜனுக்கு என்ன பில்லுன்னு அலட்சியம். முந்தின நோயாளியோட குறிப்பைக் கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து, பேரை மட்டும் மாத்தி அனுப்பிட்டேன். அந்த அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்திருந்தோம். டாக்டரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டார். அதுக்கும் முந்தின ஆளுக்குக் காலை எடுத்திருந்தோம். அந்த மட்டுக்கும் நீங்க தப்பிச்சீங்க.

இப்போ நிஜமாவே எடுக்கணும்னு ஆனதும் குட்டு உடைஞ்சது. இன்சூரன்ஸ் பொண்ணு போன்ல, "சார், ஒருத்தருக்கு ஒரு பித்தப்பைதான். ரெண்டாவதுக்கு விதியில இடமில்ல"ங்குது. "முதலாவதே இன்னும் உள்ளேதாம்மா இருக்கு"ன்னேன். "அப்போ போன வருஷம் எதை எடுத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. போனை வெச்சுட்டேன். உங்க சட்டையைத் தூக்கிப் பார்க்க இன்சூரன்ஸ்லேர்ந்து ஒரு ஆள் வந்தாரே, அவர் "பிரமாதமான வேலை, தழும்பே தெரியல"ன்னு எழுதிக் குடுத்திருக்கார்.

அதைவிடக் கேவலம் நான் பண்ணினது. நீங்க வலியில துடிச்சுக்கிட்டு, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி "உன் டாக்டர் ஒரு ஃப்ராடு"ன்னு கத்தினப்போ, நான் வாயே திறக்கல. தலையை வேற ஆட்டித் தொலைச்சேன். அவர் காதுக்கும் அது போயிருக்கு. "உங்க அத்தானுக்கு என் மேல என்னப்பா கோபம்?"னு என்கிட்டயே கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. நேத்து எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். கிழிகிழின்னு கிழிப்பார்னு பார்த்தா, "முதல்ல அவர் வலியைப் பார்ப்போம், திருத்தம் எழுதிக் கொண்டா"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

திருத்தத்தை எழுத்தெழுத்தா படிச்சு இன்னைக்கு அனுப்பிட்டேன். இனி என்னால உங்க குடும்பத்துக்கு எந்தச் சங்கடமும் வராது, சத்தியம்.

தாங்கள் பூரண குணமடைந்து, என்னைத் தொண்டை கிழியத் திட்டுமளவு தெம்பு பெற வேண்டும் என வேண்டும்,
தலை நிமிர முடியாத மைத்துனன்.

பி.கு.: இப்போதான் பதில் வந்தது. திருத்தத்தை ஏத்துக்கிட்டாங்க, ஆபரேஷனுக்கு அனுமதியும் கிடைச்சாச்சு. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க. ஆனா "போன வருஷம் எடுத்தது அப்போ யாருக்கு?"ன்னு நான் அனுப்பின திருத்தப் படிவத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. உங்க பாலிசியில இருக்கிற பேரைத்தான் அங்க போட முடியும். இருக்கிறதே ரெண்டு பேர், அதுல உங்களை எடுத்துட்டேன். அக்காகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க அத்தான், நான் கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வரல.