கை மாறக்கூடாத புளி

அருணகிரி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அவன் முடிவுக்கு வந்தால் வீட்டில் ஒரு பாத்திரமாவது நசுங்கும். இந்த முறை முடிவு பெரியது. இனிமேல் குடும்பத்தை விஞ்ஞானப்படி நடத்தப்போகிறான்.

எல்லாம் போனில் வந்த குழுவால்தான். 'இல்லம் எளிது' என்று அதற்குப் பேர். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள்தான் அவனை அதில் சேர்த்துவிட்டாள். ரேணுகாதேவி மேடம் என்று ஒருவர் தினமும் ஒரு வீட்டுக்குறிப்பு அனுப்புவார். மேடத்தின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அருணகிரிக்கு அதுவே போதும். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து இருபத்திரண்டு வருஷமாக நம்பாதவன், ரோஜாப்பூவை ஒரே நாளில் நம்பிவிட்டான்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலைக்குள் சிக்னல் என்பது எப்போதாவது வரும் விருந்தாளி. போனைக் கூரை விளிம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் ஒரு கோடு வரும். அந்த ஒரு கோட்டு வழியாகத்தான் அவனுக்கு அறிவு இறங்கிக்கொண்டிருந்தது.

"மங்கா! சாமைப் பானையில காஞ்ச வேப்பிலை போட்டா வண்டு வராதாம்!"

மங்கம்மாள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "இதத்தாங்க போன வருசம் நான் சொன்னேன். 'நீ இன்னா பெரிய டாக்டரா'ன்னீங்க."

"நீ சொன்னது பேச்சு. மேடம் சொல்றது குறிப்பு."

'நன்றி மேடம்' என்று அடித்துவிட்டு, வேப்ப மரத்தில் ஏறப் போனான்.

குறிப்புகளில் ஒரு விசேஷம் இருந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தை ஆண்கள் சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் கறை போகும். ஆண்கள் காலையில் நான்கு குடம் தண்ணீர் தூக்கினால் தொப்பை கரையும். மாட்டுக்கொட்டகையை ஆண்கள் கூட்டினால் பால் கூடும். அருணகிரி தேய்த்தான், தூக்கினான், கூட்டினான். பால் கூடவில்லை. மேடம் பொறுமை வேண்டும் என்றார். பொறுத்தான்.

"ஐயோ, வுடுங்க, நான் துலக்கறேன்" என்பாள் மங்கம்மாள்.

"தள்ளு. இதுக்கெல்லாம் டெக்னிக் இருக்குது. உனக்கு வராது."

"ஆமாங்க, எனக்கு வராதுதான்" என்று அவளும் போய் உட்கார்ந்துகொள்வாள். பணிவான பெண்டாட்டி அமைந்ததில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

அவளுக்கும் ஒரு போன் இருந்தது. மகளிர் குழுத் தலைவி என்பதால் குழுவில் கொடுத்தது. சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆடு ஓட்டப்போகும்போது பாறைமேல் ஏறி நின்று பேசுவாள். அங்கே மூன்று கோடு வரும்.

"பொம்பளைங்க கையில போன் இருந்து இன்னா பிரயோசனம்? பூப்படம் அனுப்பத்தான் லாயக்கு" என்று அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

இப்படி விஞ்ஞானம் வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் வாணியம்பாடியிலிருந்து பத்திரிகை வந்தது. வருஷா வருஷம் புளி வாங்க மலையேறி வரும் அமீனுல்லா பாயின் மகள் ஃபிஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். ஆனால் குடும்பத்தோடு போக முடியாது. வாசல் முழுக்கப் புளி காய்கிறது. வீட்டில் ஆள் இல்லையென்றால் குரங்குகள் வந்து பந்தி போட்டுவிடும். ஒருவர்தான் போகலாம்.

"நான் போறேன்" என்றான் அருணகிரி.

"பாய் பையன் கல்யாணத்துக்கும் நீங்கதான போனீங்க?"

"அதான் சொல்றேன். போய்ப் பழக்கம் உள்ளவன் போறதுதான் மரியாதை."

"ஃபிஜா சின்னப் பொண்ணா இருக்கசொல்ல பாயோட வந்து என் மடியிலதாங்க தூங்கும். நான் மலைய வுட்டு எறங்கி ஒன்றர வருசம் ஆவுது."

"பிரியாணிய நீ சாப்ட்டா இன்னா, நான் சாப்ட்டா இன்னா? வந்து ருசி சொல்றேன்."

மங்கம்மாள் உள்ளே போனாள். பெட்டியில் இருந்த பச்சைப் பட்டுப் புடவையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு பாறைப் பக்கம் போனாள்.

சனிக்கிழமை காலையில் குறிப்பு வந்தது. 'வீட்டுக்கு வைக்கும் வருஷப் புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்பு போட்டுப் பிசைந்து பானையில் அடைக்கவும். ஆண்களின் உள்ளங்கையில் சூடு அதிகம். அவர்கள் பிசைந்தால் புளி கருக்காது.'

அருணகிரி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாள் இதை வீணடித்துவிட்டோமே என்று வருந்தினான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பெரிய பானைப் புளியைப் பிசைந்து தள்ளினான்.

சாயங்காலம், கல்யாணத்துக்கு வேட்டி மடித்துக்கொண்டிருந்தபோது போன் மறுபடியும் சிணுங்கியது.

'மிக முக்கியம். காலையில் புளி பிசைந்தவர்கள் நாளை முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கிளறிப் பிசைய வேண்டும். பிசைந்த அதே கைதான் பிசைய வேண்டும். கை மாறினால் மூன்றே நாளில் பூஞ்சை.'

வேட்டி கையிலிருந்து நழுவியது.

"மங்கா! மோசம் போய்ட்டேன்மே!"

பாறைப் பக்கமிருந்து ஆட்டோடு திரும்பியவள் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தோ, இதுக்கா? எங்கம்மா காலத்துலர்ந்து புளி அடைக்கறோம். அப்படில்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க. நான் பிசையறேன்."

"நீ பிசைவியா? கை மாறிடாது?"

"மாறுனா இன்னாங்க?"

"பூஞ்சை! ஒரு வருசப் புளி! உனக்கு வெளயாட்டா இருக்குதா?"

"அப்ப பிரியாணி?"

அருணகிரி கண்ணை மூடினான். உள்ளே பிரியாணியும் விஞ்ஞானமும் கட்டிப்புரண்டன. சட்டியில் ஒரு பெரிய கறித்துண்டு மெல்லத் திரும்பிப் படுத்தது. கடைசியில் விஞ்ஞானம் ஜெயித்தது.

"நீ போ" என்றான்.

"வேணாங்க. வூட்டு ஆம்பள இல்லாம நான் எப்படி..."

"போன்னா போ! வாய்க்கு வாய் பேசாத!"

"நீங்க இவ்ளோ சொல்றீங்களேன்னுதான் போறேன்" என்றாள் மங்கம்மாள். பச்சைப் பட்டு ஏற்கெனவே வெயிலில் உதறிப்போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் இறங்கிப் போனாள். அருணகிரி ஆறு மணிக்குப் பிசைந்தான். எட்டு மணிக்குப் பிசைந்தான். நடுநடுவே குரங்கு விரட்டினான். பத்து மணிக்கு உப்பு விரல் வெடிப்பில் இறங்கிக் காந்தியது. வேலி ஓரமாகப் போன செல்லியம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னாண்ண, கை மாறலியே?"

"மாறல" என்றான் பெருமையாக. அவள் ஏன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

மத்தியானம் இரண்டு மணி. முழங்கை வரை புளியில் இருந்தபோது கூரையில் போன் சிணுங்கியது. மூக்கால் தட்டித் திறந்தான். ரேணுகாதேவி மேடம்தான். இன்று படத்தோடு.

தட்டு நிறைய பிரியாணி. பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு. ஒரு பெரிய எலும்புத் துண்டைப் பிடித்தபடி ஒரு கை. பச்சைப் பட்டின் ஓரம் தெரிந்தது. அந்தக் கையின் மணிக்கட்டில் பச்சை குத்திய எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன: அருணகிரி.

தன் பெயரைத் தானே மூன்று தடவை படித்தான். வேப்ப மரம், நான்கு குடம், மாட்டுக்கொட்டகை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கீழே குறிப்பு இருந்தது.

'வீட்டில் தனியாக இருக்கும் ஆண்களுக்கு: நேற்றைய களி அடுப்படியில் இருக்கிறது. மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் வயிறு குளிரும். மணி இரண்டு. புளியைக் கிளறவும்.'

அருணகிரி அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கட்டைவிரலில் ஒட்டியிருந்த புளியை மட்டும் வழித்துவிட்டு, பழக்கதோஷத்தில் 'நன்றி மேடம்' என்று அடித்தான்.