துணிக்குள் நடந்த ஆங்கில வகுப்பு

முப்பத்தெட்டு வயதில் ஒருவன் புத்தியை மாற்றிக்கொள்ளலாம். கையை மாற்ற முடியாது. எழுபதுகளின் கடைசியில், ஆங்கில ஆசிரியர் பயிற்சியின் இறுதிப் பரீட்சையில், நாற்பது பிள்ளைகள் சாட்சியாக இதைக் கண்டுபிடித்தேன்.

அதற்குமுன் பதினாறு வருஷம் மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு. எங்கள் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்போம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதை விட்டுவிட்டு நான் பி.எட். சேர்ந்ததில் என் மனைவி கோமதிக்குத் துளியும் சம்மதமில்லை. "தோத்தேள்னா திரும்ப மிளகுச் சாக்குதான், பாத்துக்கோங்கோ" என்றிருந்தாள்.

பள்ளுருத்திப் பள்ளிக்கூடம். பாடம், கடையில் ஓர் உரையாடல். மேசையில் ஒரு சீப்பு நேந்திரப்பழம் வைத்தேன். பின்பெஞ்சில் பரீட்சகர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். விலை கேட்பதற்கு மட்டும் பதினோரு ஆங்கில வாக்கியங்கள் மனப்பாடம் (குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தவை). கடைக்காரனாக நடிக்க நாசர் என்ற பையனைக் கூப்பிட்டேன். அவன் வாப்பாவும் மிளகுத் தரகர் என்பது எனக்குத் தெரியாது.

பழத்தை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், ஆங்கிலம் கப்பலேறிவிட்டது. என் இடது கை கரும்பலகை துடைக்கும் துணியை எடுத்தது. வலது கை நாசரின் கையைப் பிடித்தது. துணி இரண்டையும் மூடியது. அவன் இரண்டு விரலை அழுத்தினான். பகல் கொள்ளை. நான் ஒன்று என்றேன், விரலால்தான். பயல் மசியவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் அந்த வகுப்பில் யாரும் எந்த மொழியிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் நாசர் பரீட்சகரைப் பார்த்து, "ஸாரே, கச்சவடம் உறப்பிச்சு" என்றான். (வியாபாரம் முடிந்ததாம்.)

"அது சரி மாஷே, இங்கிலீஷ் எவிடெ?" என்று அவர் என்னைக் கேட்டார். (இங்கிலீஷ் எங்கே என்கிறார்.)

சாக்பீஸ் தூள் படிந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் அழுகை வந்தது.

தோற்றேன். அடுத்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தித் தேறி, வாத்தியாராகவே ரிட்டயரும் ஆனேன். ஆனால் கோமதி விடவில்லை. நடந்ததைக் கேட்டுச் சிரித்தவள், அந்த விரல் பாஷையை என்னிடமே கற்றுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் என்னிடம் ரகசியம் பேச அவளுக்கு அருமையான வழி கிடைத்துவிட்டது. எங்கள் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதே, முந்தானைக்குள் என் கையை இழுத்து விரலை அழுத்தினாள்.

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை மாமி," என்றாள் என் பெண். "அப்பாவும் அம்மாவும் இங்கிலீஷ் பேசறா."