யோசனையால் கொழுத்தவர்

சாப்பிட்டுக் கொழுக்கிறவர்கள் நேர்மையானவர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இது வேறோர் இனம். இவர்களுக்குச் சோறு உடம்பில் ஒட்டாது, இறைச்சிக்கறி ஒட்டாது, பின்னேரத் தேத்தண்ணியோடு உள்ளே போன ரோல்ஸும் ஒட்டாது. யோசனை மட்டும் ஒட்டும். எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? சேட்டுப் பொத்தான் தெறிக்கப் பார்க்கும் வயிற்றைத் தட்டி, "இதெல்லாம் சும்மா டென்ஷன்" என்று எவர் சொல்கிறாரோ, அவரேதான்.

உப்புவெளி தவராசா இந்த இனத்தில் நல்ல ரகம். துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் பெரிய கிளாக்கர். பென்ஷன் கிட்டும் நேரம் பார்த்துக் கஜீபன் என்றொரு இளம் மேலதிகாரி வந்து சேர்ந்தான். "அங்கிள், இனி எல்லாம் கொம்பியூட்டரிலதான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் தவராசாவால் பொறுக்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒரு றாத்தல் பாணைச் சம்பலோடு தனியாளாக முடித்தார். பசியா? பசியாவது மண்ணாவது! ஒவ்வொரு துண்டிலும் கஜீபனை வைத்தல்லவா கடித்தார்! அலுவலக வட்ஸ்அப்பில் 'டிங்' என்று சத்தம் கேட்டால் போதும், மனுஷனின் கால்கள் தாமாகக் குசினிக்குத் திரும்பிவிடும்.

மனைவி சுலோஜனாவுக்கோ யோசனை வந்தால் ஒரு வாய் இறங்காது. ஒரே வீடு, ஒரே கஜீபன். ஆனால் அவருக்குக் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை, அவளுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் ஷாமிலா பொறுமையாகத்தான் சொன்னார்: "ஐயா, டென்ஷன் கூடினா பசியில்லாமலே வாய் கேக்கும். நித்திரை குறைஞ்சா இன்னும் கேக்கும். நேரத்துக்குப் படுங்க, நடங்க, மனசில உள்ளத ஆரோடயாவது கதைங்க. அடுத்த முறையும் நிறையும் சீனியும் குறையாட்டி இன்சுலின் ஊசிதான்."

தவராசாவுக்கு ஊசியா? கொரோனா ஊசிக்கு மயங்கி விழுந்து நேர்ஸின் கதிரையையும் உடைத்த வீரர் அவர். ஊசி மட்டும் வேண்டாம், கோணேசப் பெருமானே!

மறுநாளே சிகிச்சை தொடங்கிற்று. நடப்பதும் கதைப்பதும் ஒரே செலவில் முடியட்டும் என்று, இரும்புக்கடை அபூதாஹிரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு காலையில் கடற்கரையால் நடந்தார். நடந்தார் என்றால், தேநீர்க்கடை வரைக்கும். அங்கே இருவரும் மனம் விட்டுக் கதைத்தார்கள். இவர் கஜீபனைக் கொட்ட, அவர் தன் மருமகனைக் கொட்ட, ரோல்ஸ் தட்டு நிரம்புவதும் வெறுமையாவதுமாக இருந்தது.

"அடக்கி வெச்சாத்தான் மச்சான் வருத்தம், கொட்டுங்க" என்றார் அபூதாஹிர். "இந்தா, இதையும் சாப்பிட்டுட்டுக் கொட்டுங்க!"

வீட்டில் நிறை பார்க்கும் மெசின் ஒன்றும் வாங்கியாயிற்று. பாரம் குறையட்டும் என்று மணிக்கூட்டைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏறினார். கண்ணாடி இல்லாததால் இலக்கம் தெரியவில்லை. அந்த ஒரு நாள்தான் நிம்மதியாக இருந்தார்.

நல்ல காலம், அபூதாஹிர் பேரப்பிள்ளை பார்க்கக் கிண்ணியாவுக்குப் போய் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தனியாகக் கடைக்குப் போக வெட்கம். தவராசா உண்மையாகவே நடந்தார். அலுவலகத்தில் ஒருநாள் தாங்க முடியாமல், "தம்பி, எனக்கு இந்தக் கோதாரிக் கொம்பியூட்டர் விளங்கேல்லை" என்று கஜீபனிடமே சொல்லிவிட்டார்.

கஜீபன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும்தான் அங்கிள்."

அட பாவி! அன்றிரவு தவராசா குறட்டை விட்டுத் தூங்கினார். அடுத்த நாள் பாணில் கஜீபன் இல்லை, வெறும் பாண்தான் இருந்தது. இரண்டு துண்டோடு எழுந்துவிட்டார். நாளாக நாளாகக் காற்சட்டை தானாக ஏறியது. சுலோஜனாவுக்கும் கன்னம் கொஞ்சம் வைத்தது. ஊசி போயே போய்விட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

விடுமா ஊர்? நம்மூரில் ஒருவரைக் கண்டால் 'சுகமா' என்று கேட்கிற வழக்கம் இல்லை; கண்ணாலேயே நிறுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். பஸ் தரிப்பில் இருவரையும் கண்ட பக்கத்து வீட்டுக் கனகம்மா கையை நெஞ்சில் வைத்தாள்.

"ஐயோ தம்பி, என்ன இப்பிடி வத்திப் போனீர்? ஏதும் வருத்தமோ?" பிறகு சுலோஜனாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீர் மட்டும் நல்லா உடம்பு வைச்சிருக்கிறீர், பிள்ளை."

முடிந்தது கதை. அன்று மத்தியானம் சுலோஜனாவின் குசினியில் நண்டு கொதித்தது, சூடைமீன் பொரிந்தது, புட்டு மலையாக எழுந்தது.

"சாப்பிடுங்கோ! சனம் என்னையெல்லோ பேசும்!" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவள் ஒரு வாய் தொடவில்லை. அவரோ, கனகம்மா கண்டுபிடித்த அந்த வருத்தம் என்னவாக இருக்கும் என்று யோசித்தார். ஈரலா, குடலா? யோசித்தபடியே இரண்டாம் தரம் போட்டார், மூன்றாம் தரமும் போட்டார். கிளினிக் நாள் வரும்வரை தினமும் இதே யோசனை, இதே புட்டு.

கிளினிக்கில் மெசின் பொய் சொல்லவில்லை. கண்ணாடியும் மூக்கில்தான் இருந்தது.

"டொக்டர், இது வந்து... டென்ஷன்..."

"தெரியும் ஐயா. சேட்டத் தூக்குங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த தவராசா, வாங்குப் பலகையில் பழைய சிநேகிதர் பாக்கியரத்தினம் இருக்கக் கண்டார். பாவம் மனுஷன், எத்தனையோ மாதம் வாயைக் கட்டி, தொந்தி கரைந்து, டொக்டரிடம் பாராட்டு வாங்கிய முகத்தோடு மலர்ந்திருந்தார். தவராசா அவரைக் கண்ணாலே நிறுத்தார். ஊசி ஏறிய வலி ஆறக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"என்ன பாக்கியம், இப்பிடி வத்திப் போனீர்? ஏதும் வருத்தமோ?"

பாக்கியரத்தினத்தின் சிரிப்பு அப்படியே செத்தது. எழுந்து நேரே கன்ரீனுக்கு நடந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், சிரித்தால் டென்ஷன் குறையும். ஆனால் இன்று காலை நீங்கள் கண்ட முதல் ஆளிடம் என்ன கேட்டீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதோடு, இதை வாசிக்கத் தொடங்கும்போது உங்கள் மடியில் ஒரு கடதாசிச் சரை நிறையக் கச்சான் கடலை இருந்ததே, அது எங்கே?