செங்கம்மா மாட்டுக்கு விட்ட புல்

மஞ்சள் குமிழை மேலே இழுத்தால்தான் புல்வெட்டும் வண்டிக்கு அடியில் பிளேடு சுற்றும். அசரியா அதைத் தொடவே இல்லை. இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றுபோல முன்னால் தள்ளினார். வண்டி மாமரங்களுக்கு நடுவே தேர்போல நகர்ந்தது. அவர் மனைவி ஜெபமணி செல்போனை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

“கொஞ்சம் சிரிங்க. புள்ள பாக்கப் போறான்.”

“புல்லு அறுக்கறவன் எவன் சிரிச்சிக்கினு அறுக்கறான்?”

“நீங்க எங்க அறுக்கறீங்க?”

அது நியாயமான கேள்வி. அவர் ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் புல்லே இல்லை. விடிந்ததும் செங்கம்மா வந்து, அரிவாளால் அடியொட்ட அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போயிருந்தாள்.

அசரியா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் சாலையில் அவருக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவில் வீடு. ஒரே மகன் ஆசிர் டல்லாஸில் வேலை பார்த்தான். பக்கத்துத் தோப்பில் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. புல்லைக் கட்டையாக வைத்திருந்தால் பாம்பு அண்டாது என்று யோசித்தான். நண்பன் ஒருவன் அமெரிக்காவைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பியபோது, அவனுடைய கன்டெய்னரில் மிச்சமிருந்த இடத்தில் தன் புல்வெட்டும் வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டான்.

அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிகள்தான். ஒன்றை முன்னே தள்ளி இன்னொன்றைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். உட்கார்ந்திருப்பவர் சீட்டைவிட்டு எழுந்தால் தானாகவே அணைந்துபோகும். வேலியோரமாகப் போதகர் போனபோது மரியாதைக்கு எழுந்து நின்று, அசரியா அதை ஒரே காலையில் மூன்று தடவை அணைத்திருந்தார்.

முதல் நாள் அவர் உண்மையாகவே ஒரு வரிசையை அறுத்தார். முழங்கால் உயரப் புல் மாவு மாவாகித் தரையில் படிந்தது. எதிரே செங்கம்மா அரிவாளோடு நின்றிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பொடியை எந்த மாடு தின்னும்?

இருபது வருஷ வழக்கம் அது. தோப்புப் புல் செங்கம்மாவின் மாட்டுக்கு. பதிலுக்கு அசரியா வீட்டுக்குக் காலையில் ஒரு சொம்பு பால். கூலி என்று யாரும் கேட்டதில்லை, விலை என்று யாரும் சொன்னதில்லை. சொந்த நிலம் இல்லாத அந்த விதவை, அந்த மாட்டை வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தாள்.

“நல்லா கீது சார் மிஷினு. இதுலயே மொத்தமும் அறுத்துடுங்களேன். நானு...” என்று செங்கம்மா ஆரம்பித்தாள்.

“நீ பேசாத செங்கம்மா.”

“இல்ல சார், மாடு...”

“உன் மாட்டுக்குப் போற புல்ல நான் தொட மாட்டேன். போதுமா?”

முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் அடுத்தவரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

“பாத்தியா ஜெபமணி? வயித்துல அடிச்சிட்டேன். அவ எனக்கே ஆறுதல் சொல்றா. வயலோரத்துக் கதிரை ஏழைக்கு விடணும்னு சபையில எத்தினி தபா பேசியிருப்பேன்!”

“அப்ப வண்டிய இன்னா பண்றது? கடல் தாண்டி அனுப்பிக்கிறான். சும்மா நிறுத்தி வெச்சா அவன் மனசு இன்னா ஆவும்?”

மாடும் பட்டினி கிடக்கக் கூடாது, மகனும் மனம் நோகக் கூடாது. அதனால்தான் அறுத்த இடத்திலேயே ஓட்டி வீடியோ எடுக்கும் இந்த ஏற்பாடு. வீடியோவுக்குக் கீழே, ‘இன்று வண்டி ஓட்டினேன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதே அது பொய் என்பதற்கு அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

சாயங்காலம் ஆசிரிடமிருந்து போன் வந்தது.

“நைனா, சூப்பரா ஓட்றீங்க. ஆனா பின்னாடி புல்லே பறக்கலியே? மஞ்சள் குமிழ இழுத்தீங்களா?”

“அது... அடுத்த தபா இழுக்கறேம்ப்பா.”

மறுநாள் காலை அவர் செங்கம்மாவை நிறுத்தினார். “ஒரே ஒரு கட்ட மட்டும் இங்க விட்டுட்டுப் போறியாம்மா? ஒரு சோதனைக்கு.”

“தாராளமா சார். எல்லாக் கட்டையும் வேணும்னாலும் வெச்சிக்கோங்க.”

இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று அசரியா மலைத்துப்போனார். கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி, மஞ்சள் குமிழை இழுத்து, அதன்மேல் வண்டியை ஓட்டினார். பச்சைப் புகைபோலப் புல் பறந்தது. பாதி ஜெபமணியின் புடவையில் ஒட்டிக்கொண்டது. மீதி அவருடைய வாய்க்குள் போனது.

“இதான் நைனா வேணும்!” என்றான் ஆசிர். “வாரா வாரம் ஒரு பக்கம் எடுத்து அனுப்புங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்றேன்.”

ஆக, வாரத்துக்கு ஒரு கட்டு புல் டல்லாஸ் ஆபீசுக்காகத் தூளானது.

நான்காவது வாரம் ஜெபமணி பால் சொம்பைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“பாருங்க, ஆடையே கட்டல. முன்ன மாதிரி இல்ல இந்தப் பாலு.”

அசரியாவின் முகம் வெளிறியது. “மாடு எளச்சிப் போச்சி. நான் எடுத்த கட்டுதான் காரணம்.”

“இது பல மாசமாவே இப்பிடித்தான் கீது. நீங்க கட்ட எடுக்க ஆரம்பிச்சி ஒரு மாசம்கூட ஆவல.”

“எனக்குச் சமாதானம் சொல்லாத ஜெபமணி. மனசாட்சிக்குத் தெரியும்.”

மனசாட்சிக்கு எல்லாம் தெரியும்தான். நாள்கணக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கே டிராலி ஆட்டோ ஓட்டும் கன்னையாவை நகரியிலிருந்து வரவழைத்து, மாட்டுத் தீனிக்கு ஒரு வண்டி சோளத்தட்டை செங்கம்மா வீட்டுக்கு அனுப்பினார்.

“மாடு எப்பிடிப்பா கீது?” என்று திரும்பி வந்த கன்னையாவை ஆவலோடு விசாரித்தார்.

“மாட்ட நான் எங்க சார் பாத்தேன்? கொட்டாய்ல எறக்கிட்டு வந்துட்டேன். அந்தம்மாதான் தலைமேல கைய வெச்சிக்கினு உக்காந்துக்கிச்சி.”

“சந்தோஷத்துல இருக்கும்.”

மறுநாள் செங்கம்மா படபடப்பாக வந்தாள். “இன்னா சார் இது? எதுக்கு சார் எனக்குப் போயி இவ்ளோ தட்டு?”

“மாடு துன்னட்டும்மா.”

“அதில்ல சார், நான் சொல்றத ஒரு நிமிசம்...”

“ஒண்ணும் சொல்லாத. எனக்குப் புரியுது.”

சும்மா வாங்கிக்கொண்டு போய்ப் பழக்கப்பட்ட குடும்பம் இல்லை அது. அடுத்த நாள் ஒரு சொம்புக்குப் பதில் இரண்டு சொம்பு பால் வந்தது.

“பாத்தியா? தட்டு போன மறுநாளே பால் கூடிப் போச்சி!” என்றார் அசரியா. இரண்டாவது சொம்புக்கு என்ன பதில் செய்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, இன்னொரு வண்டி தட்டு அனுப்பினார். மூன்று சொம்பு பால் வந்தது. அவர் கடலைப் பிண்ணாக்கு அனுப்பினார். நான்கு சொம்பு வந்தது.

ஜெபமணி தயிர் தோய்த்தார். மோர் கடைந்தார். பால்கோவா கிளறிச் சபையில் ஞாயிறுதோறும் கொடுத்தார். போதகர் ஒரு சுற்று பெருத்துவிட்டார்.

“ஒரே மாடு இவ்ளோ பால் கறக்குமா?” என்று ஜெபமணி ஒருநாள் வாய்விட்டே கேட்டார்.

“அன்பா தீனி போட்டா கறக்கும்” என்றார் அசரியா.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆசிர் அந்தச் செய்தியைச் சொன்னான். “நைனா, கிறிஸ்மஸுக்கு வரேன். வந்ததும் மொத வேலை, மொத்தத் தோப்பையும் நானே ஒரு தபா ஓட்டணும்.”

அசரியா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மகனிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நான்கு தடவை போனை எடுத்து, நான்கு தடவையும் அங்கே வானிலை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தார்.

ஆசிர் வந்தான். வந்த மறுநாள் காலையில் அப்பா எழுந்து ஜெபம் முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். மார்கழி ஈரத்தில் செழித்திருந்த புல் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. மரத்தைச் சுற்றி வளைந்தான், நின்ற இடத்தில் திரும்பினான், மறுபடி பாய்ந்தான். அசரியா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஓடிவந்து கையை ஆட்டினார். அப்பா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து ஆசிரும் கையை ஆட்டினான். பத்து மணிக்குள் நான்கு ஏக்கரும் மொட்டையடித்த தலைபோல ஆகிவிட்டது.

செங்கம்மா வேலிப் படலுக்கு வெளியே நின்று பார்த்தாள். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனாள்.

“ஐயோ, அழுதுக்கினு போவுது” என்றார் அசரியா.

“சிரிச்ச மாதிரி இருந்திச்சி எனக்கு” என்றார் ஜெபமணி.

அசரியா வேப்பமரத்தடியில் மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அறுத்த இடத்தில் ஓட்டியது, பரப்பிய கட்டு, சோளத்தட்டு, பிண்ணாக்கு ஒன்றையும் விடவில்லை.

ஆசிர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “இத போன்லயே சொல்லியிருக்கலாமே நைனா? நான் இன்னா உங்கள அடிக்கவா போறேன்?”

“நீ அவ்ளோ ஆசையா அனுப்பின. உன் மனசு நோகக் கூடாதுன்னு...”

“சரி, விடுங்க. அவங்க வீட்டுக்கு இப்பவே போலாம். நான்தான் புல்ல அழிச்சேன், நானே மன்னிப்பு கேக்கறேன். மாட்டுக்கு இன்னா வேணுமோ வருஷம் பூரா நான் பாத்துக்கறேன்.”

போவதற்கு ஒரு இடைஞ்சல். வேலூரில் ஆபரேஷன் செய்த முட்டியோடு காலையில் ஓடியதில் அசரியாவுக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. அரை மைல் நடக்க முடியாது. ஆசிர் அவரைக் கைத்தாங்கலாகப் புல்வெட்டும் வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நடந்தான். மஞ்சள் குமிழ் இழுக்கப்படாமல் வண்டி தார்ச்சாலையில் போனது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ரங்கையா டம்ளரை இறக்கினார்.

“ஏமி சார், ஸ்டீயரிங் எங்க? கழண்டு விழுந்துட்ச்சா?”

“வண்டியே இப்படித்தான் ரங்கையா.”

“அமெரிக்காக்காரன் ஏமாத்திட்டான் சார் உங்கள.”

செங்கம்மாவின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பக்கத்தில் மாட்டுக்கொட்டாய். அதன் வாசலை மறைத்துக்கொண்டு கூரை முட்டச் சோளத்தட்டு அடுக்கியிருந்தது. பின்னால் மாடு நிம்மதியாகப் படுத்திருக்கும் என்று அசரியா நினைத்துக்கொண்டார். செங்கம்மா வெளியே வந்து பதறிப்போய்க் கை கூப்பினாள். அவர் சீட்டைவிட்டு எழுந்தார். வண்டி அணைந்தது.

“செங்கம்மா, உன் மாட்டு வாயிலருந்து புல்லப் புடுங்கிட்டோம். தெரியாம நடந்துட்ச்சி. எங்கள மன்னிச்சிடு.”

“ஐயோ சார், பெரியவங்க நீங்க... இன்னா சார் இது...”

“இல்ல, நீ பேசாத. இவன் என் பையன். இனிமே உன் மாட்டுக்கு வருஷம் முழுக்கத் தீனி இவன் பொறுப்பு. மாட்ட ஒரு தபா கூட்டிக்கினு வா. அதும்மேல கைய வெச்சிச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

செங்கம்மா தரையைப் பார்த்தாள். கொட்டாயைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில், சத்தியவேடு பக்கத்துச் செல்போன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் மருமகள் யமுனா வந்தாள். முதல் ஷிப்ட் முடிந்து, நீல நிறச் சட்டைகூடக் கழற்றாமல், கையில் கனமான ஒரு பையோடு வந்து நின்றாள். மாமியாரையும், ஸ்டீயரிங் இல்லாத வண்டியையும், கண் கலங்கி நின்ற பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை ஆசிர் இரண்டு வார்த்தையில் சொன்னான். பை நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே இருந்து பால் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தெருவில் வழுக்கிக்கொண்டு ஓடின.

“எந்த மாடு சார்? அத உகாதிக்கே வித்தாச்சி. புல்லறுக்க ஆள் கெடைக்காம இந்த முட்டிய வெச்சிக்கினு நீங்களே எறங்கி பாம்புகிட்ட கடி வாங்கிடுவீங்கன்னு எங்க அத்தைதான் தெனம் வந்து அறுத்து, வழியில நிக்கற ஆட்டுக்கெல்லாம் போட்டுட்டு வருது!”