ஒன்பது குட்டிகளும் ஒரு புரட்டாசியும்

உலகில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றி மறைந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பன்றிக்குட்டியின் குடலுக்காக ஓர் அலுவலகம் திறந்ததில்லை. அந்தப் பெருமை 1998-இல் காஞ்சிபுரத்துக்கு வாய்த்தது. 'இளம்பன்றிக் குடல்நல நார்ச்சத்து ஆய்வுப் பிரிவு' என்ற எங்கள் பெயர்ப்பலகை வாசலைவிட நீளம். சற்றுச் சாய்த்துத்தான் மாட்டியிருந்தோம். நான் அங்கே உதவியாளர்.

ஆய்வின் தத்துவம் எளியது. பால் மறந்த குட்டிக்கு வயிறு கழியும். அளவாக நார் கொடுத்தால் குடல் நிதானப்படும். இதை நிரூபிக்கத் தாமல் கிராமத்துப் பட்டம்மாளுக்கு ஒன்பது குட்டிகள் வழங்கினோம். நிபந்தனை ஒன்றே ஒன்று. நாங்கள் தருவதைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் குட்டிகளைத் திரும்பப் பிடித்துக்கொள்வோம். முதலில் நாரில்லாத மாவு தந்தோம். குட்டிகள் எங்களை ஏமாற்றவில்லை. கழிந்தன.

தவிடு கலந்த நார்த்தீவனம் ஆறு மூட்டை கிடங்கில் தயாராக இருந்தது. அதிகாரி முரளீதரன் சார் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அன்று புரட்டாசி முதல் தேதி.

சார் சின்ன காஞ்சிபுரத்து வைணவர்; புரட்டாசி பெருமாள் மாதம். அந்த மாதத்தில் வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடப் பார்க்கமாட்டார்.

"குமுதவல்லி, அந்த ஃபைலையும் கிடங்குச் சாவியையும் அலமாரியில வச்சுப் பூட்டிடுங்கோ. ஐப்பசி பொறக்கட்டும்."

பூட்டினேன். புனிதத்தை ஒரு சாவியால் இவ்வளவு சுலபமாகக் காப்பாற்ற முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் பட்டம்மாள் வந்து நின்றாள்.

"சார், குட்டிங்கோ தண்ணி தண்ணியா போய்க்கினு இருக்குது. எழுந்து நிக்கக்கூட முடியல. அந்த மூட்டைய குடுங்க சார்."

சார் கண்களை மூடிக்கொண்டார். "புரட்டாசிம்மா. அந்த ஜீவனோட பேரையே நான் எடுக்கப்படாது."

"பேர எடுக்கவாணாம் சார். மூட்டைய எடுத்துக் குடுங்க, போதும்."

"கையெழுத்துப் போடற எடத்துக்கு மேலேயே அந்தப் பேர் அச்சாயிருக்கே!"

"பெருமாளே ஒரு தபா பன்னியாத்தானே சார் வந்தாரு?"

சார் ஆழ்ந்து யோசித்தார்.

"அது அவதாரம். அதுக்கு வயித்துப்போக்கு வந்ததா எந்தப் புராணத்துலயும் இல்லை."

இத்தனை நுட்பமான பதிலை வேறு எந்தத் துறையிலும் கேட்க முடியாது.

"நீயாச்சும் சொல்லும்மா" என்று பட்டம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

அலமாரிச் சாவி என் கைப்பையில் இருந்தது. எனக்குள் யாரோ எழுந்து நின்றார்கள். நான் அவர்களை உட்காரச் சொன்னேன். பிறகு பதிவேட்டில், 'கழிவின் தன்மை: நீர்' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரண்டு குட்டிகள் செத்தன. பிடித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று பட்டம்மாள் நிபந்தனையைத் தூக்கிப் போட்டாள். மில் தவிட்டில் வள்ளிக்கிழங்குக் கொடியை நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். மீதி ஏழும் பிழைத்து ஓடின. அதையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. கோப்பு வெளியே வந்தது. கூடவே மேலிடத்தின் கடிதமும் வந்தது: 'ஆய்வு முடிவை உடனே அனுப்பவும்.'

"ஒரு மூட்டைகூட வெளிய போகலையே!" என்று சார் நாற்காலியில் சரிந்தார். இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்தார். "ஏழு இருக்கு, ரெண்டு போயிடுத்து. ஏழு நார் சாப்பிட்டது, ரெண்டு சாப்பிடலை. ஆய்வுன்னா ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமோ? எழுதுங்கோ!"

எழுதினேன். செத்த இரண்டும் 'நார் அளிக்கப்படாத ஒப்பீட்டுப் பிரிவு' என்ற அந்தஸ்தைப் பெற்றன. வரைபடம் வரைந்தோம். பிரமாதமாக வந்தது. அதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. மேலிடம் பாராட்டியது. பயனாளியின் ஒப்புதலுக்காகப் பட்டம்மாளை வரவழைத்து அறிக்கையைப் படித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டாள்.

"ஏழுத்துக்குத் தவுடு போட்டது நானு. அத்த உங்க கணக்குல எழுதிக்கினீங்க, சரி, போவட்டும். அந்த ரெண்டுத்துக்குக் குடுக்காதது யாரும்மா? அத்த எழுதினியா?"

எங்கள் படிவத்தை அவள் இவ்வளவு குறைத்து எடை போட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. எழுதாமல் இருப்போமா? நான்காம் பக்கத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: 'ஒப்பீட்டுப் பிரிவுக்கு நார் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்.'

அதில் என் முழுப் பெயர் இருக்கிறது.